பெட்டிக்காரனும் பூனையும்

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் இரண்டாவது லீவில் வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் எனக்கென்று மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். நைலக்ஸ் சேலைகளை நாத்தனார்கள் இரண்டு பேரும் மடிப்புக் கலையாமலே பங்கு போட்டுக்கொண்டார்கள். டார்ச் லைட் பெரிய மாமாவுக்குப் போயிற்று. தலைவலித் தைலம் தெருவுக்கே பொது. டேப் ரிக்கார்டர் என் மாமியாரின் கட்டில் தலைமாட்டுக்கு ஏறிவிட்டது. கடைசியில் பெட்டியின் அடியில் ஒரு பனியனுக்குள் சுற்றி, உள்ளங்கையில் அடங்குகிற மிஷின் ஒன்று கிடந்தது. சின்ன நாத்தனார் எடுத்துப் பார்த்து கால்குலேட்டரா என்று கேட்டாள். இல்லை, பூனை விளையாட்டு என்றார் அவர். அவள் அதைத் தொட்ட கையோடு கீழே வைத்துவிட்டாள். அப்படித்தான் அது என்னிடம் வந்தது.

"பொழுது போவும்லாட்டி, வச்சுக்கோ" என்றார் அவர். பொழுது போகவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்துதான் வாங்கினாரா, கடைக்காரன் தலையில் கட்டிவிட்டானா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் எனக்கு அத்தை மகன். பாவாடை கட்டிய வயதிலிருந்து அத்தான் என்று கூப்பிட்டுப் பழகிய ஆள். கல்யாணமானதும் அந்த அத்தானிடம் பேச எனக்கு வார்த்தை குறைந்துபோய்விட்டது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவரிடம் எதை முதலில் பேசுவது, சொல்லுங்கள்.

மிஷினைப் பற்றிச் சொல்கிறேன். இப்போதைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். சாம்பல் நிறத்தில் சின்னக் கண்ணாடி. அதில் ஒரு வீட்டின் படம், சமையலறை ஓடு பதித்த மாதிரி கட்டம் கட்டமாக. மேல் மூலையில் வாசல். வாசலில் தொப்பி போட்ட ஓர் ஆள், கையில் பெட்டியோடு நிற்பான். கீழ் மூலையில் ஒரு பூனை. இரண்டுக்கும் நடுவில் நாற்காலி, பீப்பாய், கூடை என்று தட்டுமுட்டுச் சாமான்கள். பொத்தானை அமுக்கினால் அந்தச் சாமான்களைக் கட்டம் விட்டுக் கட்டம் தள்ளலாம். ஒரு சாமானை நகர்த்தினால், வழி இருந்தால் பூனை ஓர் எட்டு வைக்கும். வழியே இல்லையென்றால் நின்ற இடத்தில் சுருண்டு படுத்துத் தூங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் படம் மறுபடி முதலிலிருந்து வரும். அவ்வளவுதான். அவசரமே கிடையாது. அடிக்கிறவன், சுடுகிறவன் யாரும் இல்லை. நாம் அடுப்பில் சோற்றைப் பார்த்துவிட்டு வரும்வரை பூனை அப்படியே காத்திருக்கும்.

கூடவந்த காகிதத்தில் முழுக்க ஜப்பான் எழுத்து. எப்படி விளையாடுவது என்று சொல்ல ஆளில்லை. அதற்கென்ன, பார்த்தாலே தெரிகிறதே என்று நினைத்தேன். பெட்டியும் கையுமாக ஒருத்தன் வாசலில் நிற்கிறான். வீட்டில் ஒரு பூனை சுற்றிக்கொண்டிருக்கிறது. பூனை அவனுக்குக் குறுக்கே போய்விடக் கூடாது. இதைக்கூடவா ஒருத்தர் சொல்லித்தர வேண்டும்?

சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். வலப்பக்கம் நாற்காலியைத் தள்ளி அடைத்தால் இடப்பக்கம் பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவில் வழி திறந்துகொள்ளும். அதை அடைக்கக் கூடையைக் கொண்டுவந்தால் நாற்காலி இருந்த இடம் காலியாகிவிடும். எதை முதலில் நகர்த்துவது, எதைக் கடைசியில் என்று யோசித்து யோசித்து, பூனையை நாலு பக்கமும் அடைத்து, அது சுருண்டு படுத்ததும் எனக்கு ஒரு நிம்மதி வரும். வாசலில் அந்த ஆள் பெட்டியோடு சௌக்கியமாக நிற்பான். போய்ட்டு வாய்யா மகராசா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அவனுக்குப் பெட்டிக்காரன் என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

தென்காசியில் எங்கள் தெரு கோயிலுக்குப் பக்கம். கோபுரம் அப்போது மொட்டையாகத்தான் நின்றது. அந்த வாசல் காற்று எங்கள் வீட்டு முற்றம் வரை வரும். காலையில் சமையல், அத்தைக்கு வெந்நீர், துணி, அப்புறம் கடைக்குப் போய்வருவது. பத்து மணிக்குமேல் செய்ய வேலை இருக்காது. தெருவில் மற்றப் பெண்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டுகொடுக்கப் பள்ளிக்கூடம் போவார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி என்னிடம் கேட்காத ஆள் தென்காசியில் கிடையாது. பூக்காரி கேட்பாள், பால்காரர் சம்சாரம் கேட்பாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் செங்கோட்டை வருவதற்குள் கேட்டுவிடுவாள். ரெண்டு வருஷத்தில் ஒரு மாசம் புருஷனைப் பார்க்கிறவளிடம் வேறு என்னதான் கேட்பார்கள் என்று விட்டுவிடப் பழகினேன். ஆனாலும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

மத்தியானம் அத்தை டேப் ரிக்கார்டரில் மகனின் குரலைப் போட்டுக் கேட்பார். மஸ்கட்டிலிருந்து யாராவது வரும்போது என் வீட்டுக்காரர் கேசட்டில் பேசிக் கொடுத்துவிடுவார். முக்கால்வாசி அம்மாவுக்கு. கடைசியில், "அவளையும் கேட்டதாச் சொல்லுங்க" என்று ஒரு வரி வரும். அந்த வரி வந்ததும் டேப் நின்றுவிடும். அத்தை முதலிலிருந்து மறுபடியும் போடுவார். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பூனையை அடைத்துக்கொண்டிருப்பேன்.

தனிமை என்று சொன்னால் ஆளே இல்லாத இடத்தை நினைப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. வீட்டில் மாமியார், தெரு நிறையச் சனம். ஆனால் நான் வாய் திறந்து ஒன்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள ஒருத்தர் வேண்டுமே. சாயங்காலம் சாரல் விழுந்து முற்றம் நனைகிறபோது, "பாருங்களேன், வெயிலும் அடிக்கி, மழையும் பெய்யி" என்று சொல்ல வாய் வரும். திரும்பிப் பார்த்தால் சுவர். அந்த நேரத்தில் மிஷினைக் கையில் எடுத்துவிடுவேன். ஒருதடவை அதன் பேட்டரி தீர்ந்து, பஸ் நிலையம் பக்கம் கைக்கடிகாரக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் புதிது போட்டு வந்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். தம்பி பிள்ளைக்கு என்று சொல்லிவைத்தேன்.

அவர் வருகிற வருஷங்களைவிட அவர் கிளம்புகிற நாட்கள்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அது ஒரு கல்யாணம் போலத்தான். திருவனந்தபுரத்தில் விமானம். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாக மலையேறிப் போகிற அம்பாசடர் கார் விடிந்ததும் வாசலில் வந்து நிற்கும். அத்தை சகுனம் பார்க்கத் தொடங்குவார். எதிர்வீட்டு அக்கா, மூன்று பிள்ளை பெற்றவர், நிறைகுடத்தோடு எதிரே நடந்து வர வேண்டும். பிள்ளை இல்லாத நான் எதிரே வரக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ பூனையைப் பார்த்துக்கொள் என்றார் அத்தை. அதற்குமேல் அதில் என்ன கேட்பது?

பூனை என்றால் வீட்டில் நாங்கள் வளர்த்த பூனை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒன்று, அதுவாக வந்தது, அதுவாக இருந்தது. பால் வைத்தால் குடிக்கும், வைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாது. சாதாரண நாளில் முற்றத்தில் கிடக்கும். அவர் கிளம்புகிற நாளில்தான் கால்மாட்டையே சுற்றும். குறுக்கே போய்விட்டால் திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். அதனால் நான் அதைப் பிடித்துப் புறவாசலுக்குக் கொண்டுபோய், கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்துக்குள் போட்டு, அது தள்ளிவிடாமல் மேலே கையை வைத்து உட்கார்ந்திருப்பேன். வாசலில் அழுகைச் சத்தம் கேட்கும், டிரைவர் அவசரப்படுத்துகிற சத்தம் கேட்கும், பிறகு கார்க் கதவு சாத்துகிற சத்தம். நான் அவரை வழியனுப்பியது இப்படித்தான், மூன்று தடவையும். கார் தெருமுனை திரும்பியதும் பஞ்சாரத்தைத் தூக்குவேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும்.

அவர் மூன்றாவது லீவில் வந்தபோது குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. ஆனிச் சாரல். ஒருநாள் காலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ் ஏறிப் பேரருவிக்குப் போனோம். அத்தைக்கு முட்டுவலி, வரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அருவியில் என்ன? ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அங்கே குளிக்க வந்த மற்றப் பெண்கள் அக்காள் தங்கை என்று ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தலையில் அறைந்தது. அதற்குள் நின்று நான் கொஞ்சம் அழுதேன் என்று இப்போது சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஈரம் உலர்த்திக் கிளம்பும்போது சாரல் வலுத்துவிட்டது. ஒரு பஜ்ஜிக் கடையின் தகரக் கூரைக்கடியில் பெஞ்சில் உட்கார்ந்தோம். பேச்சு நின்று நின்று வந்தது. அவர் துண்டைத் தேடி என் பையைத் திறந்தவர், மிஷினைப் பார்த்துவிட்டார். இதை இன்னும் வைத்திருக்கிறாயா என்று ஆச்சரியப்பட்டுக் கையில் எடுத்தார். வாங்கிக் கொடுத்தாரே தவிர, அவர் விளையாடிப் பார்த்ததே இல்லையாம். நாற்காலியை அங்கே தள்ளினார், கூடையை இங்கே தள்ளினார். இவருக்கு எங்கே வரப்போகிறது என்று நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மிஷின் பாடியது.

பாட்டு என்றால் கீச்சுக் கீச்சென்று நாலைந்து சத்தம்தான். ஆனால் ரெண்டு வருஷம் என் கையிலேயே கிடந்த சாமானுக்குள் அப்படி ஒரு பாட்டு இருந்தது என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தேன். பூனை நடுவீட்டைத் தாண்டி வாசலுக்குப் போய், பெட்டிக்காரன் காலடியில் நின்றது. அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். பிறகு நான் பார்த்தே இராத வேறு ஒரு வீடு, வேறு சாமான்கள், கண்ணாடியில் வந்தது.

"ஐயோ, கெடுத்துட்டியளே! குறுக்க போயிட்டே!" என்றேன்.

"எது குறுக்க போயிட்டு?"

நான் விளையாடிய விதத்தைச் சொன்னேன். வெளியே கிளம்புகிற ஆளுக்குப் பூனை குறுக்கே வராமல் அடைக்க வேண்டும், அடைத்ததும் அது தூங்கும், அவன் நல்லபடியாகப் போய்ச் சேருவான். சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். பஜ்ஜிக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு. ஜப்பான்காரனுக்கு ஏதுட்டி பூனைச் சகுனம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. சிரிக்க ஒன்றும் இல்லை, பெட்டியோடு நிற்கிறானே, பிறகு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"ஏட்டி, அவன் வெளிய போவல. வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கான். பூனை அவன்கிட்டப் போய்ச் சேரணும். அதாம் விளையாட்டு."

சொன்னதோடு அவர் சிரிப்பும் நின்றுவிட்டது. பெட்டியோடு ஓர் ஆள் வாசலில் நின்றால் அவன் வருகிறவனாகவும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவர் வந்து இறங்கும்போதெல்லாம் வீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள், பெட்டியை யாராவது வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பெட்டியும் அவருமாக நான் மனசில் வைத்திருந்தது கிளம்புகிற அவரைத்தான். அவர் மிஷினைத் துண்டில் துடைத்து என் பையில் வைத்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பாக இருந்தது. இந்தத் தடவை போக வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இங்கேயே ஒரு கடை வைக்கலாம். அவர் ஏசி மெக்கானிக். தென்காசியில் ஏசி ஏது, ஃபேனாவது ரிப்பேர் பார்க்கலாம். கஞ்சியோ கூழோ குடித்துக்கொள்ளலாம். சோறு போடும்போது சொல்ல நினைப்பேன், அத்தை இருப்பார். படுக்கும்போது சொல்ல நினைப்பேன், அவர் தங்கைமார் வீட்டு விஷயம் பேசுவார். தொண்டை வரை வந்து நின்ற பேச்சை விழுங்கி விழுங்கியே அந்த லீவு முடிந்தது. ஆடி பிறப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அத்தை நாள் குறித்துவிட்டார்.

கிளம்புகிற அன்று விடிகாலையிலேயே கார் வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் படியில் தயாராக நின்றார். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் பூனையைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். பஞ்சாரத்தைத் தூக்கினேன். பூனை என் கையில் பேசாமல் இருந்தது, அதற்கும் பழகிப்போயிருந்தது போல. முன்வாசலில் அவர் செருப்புப் போடுகிற சத்தம் கேட்டது. இதைக் கையிலிருந்து விட்டால் கார்க் கதவுச் சத்தம் கேட்காது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பூனையைத் தரையில் விட்டேன்.

அது யாரோ கூப்பிட்டது போல நேரே வீட்டுக்குள் ஓடியது. அடுக்களை, நடுவீடு, வாசல். அவர் பெட்டியைத் தூக்கி முதல் படியில் கால் வைக்கவும் அது இடமிருந்து வலமாக அவர் முன்னால் போய், தெருவில் உட்கார்ந்து வாலை நக்கியது.

அத்தை வைத வசவை இங்கே எழுத முடியாது. எதிர்வீட்டு அக்கா குடத்தோடு பின்வாங்கிவிட்டார். அவர் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்தார், வழக்கப்படி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். அத்தை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கப் பூனையை ஏசிக்கொண்டிருந்ததால் நடுவீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, நீதானே விட்டாய் என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

"போவாண்டாம் அத்தான்" என்றேன்.

அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"இத்தன வருஷத்துல ஒரு தடவ இதச் சொன்னியாட்டி? நான் கெளம்புத அன்னைக்கு நீ வாசலுக்கே வரமாட்ட. பூனையப் புடிக்க மொத ஆளாப் போயிருவ. சரி, நம்ம போறதுதான் இவளுக்கு இஷ்டம்னுல்லா நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் காரில் ஏறும்போது மூன்று தடவையும் வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அத்தை இருந்திருக்கிறார், நாத்தனார்கள் இருந்திருக்கிறார்கள், நிறைகுடம் இருந்திருக்கிறது. நான் இல்லை. நான் புறவாசலில் அவருக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று யார் போய் அவரிடம் சொன்னார்கள்?

மலையில் மழை, மண் சரிந்தால் கார் போகாது என்று டிரைவர் வந்து சத்தம் கொடுத்தார். அவர் எழுந்தார். கையெழுத்துப் போட்டாயிற்று, இந்த ஒப்பந்தம் முடியட்டும் என்றார். சரி என்றேன். அதோடு திரும்பி வந்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை, அதற்குப் பிறகும் ஒரு தடவை போகத்தான் செய்தார். தங்கைக்கு இரண்டாவது பிரசவம், வீட்டுக்குக் கூரை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. ஆனால் அன்றைக்கு நான் வாசலுக்கு வந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அவர் காரில் ஏறித் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். தெருவில் உட்கார்ந்திருந்த பூனை நகராததால் டிரைவர் ஹாரன் அடித்தார்.

எல்லோரும் போன பிறகு அத்தை கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். டேப்பையும் போடவில்லை. நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மிஷினை எடுத்தேன். இதுவரை அடைத்த வழியையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கூடையை ஒதுக்கினேன், பீப்பாயைச் சுவரோடு தள்ளினேன், கடைசியாக நாற்காலி. பூனை எட்டு எட்டாக நடந்து வாசலுக்குப் போயிற்று. பெட்டிக்காரன் பெட்டியைக் கீழே போட்டான். மிஷின் கீச்சுக் கீச்சென்று பாடியது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அத்தை எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஏட்டி, யாரு வந்திருக்கா?" என்றார்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. பிளேன் போகாமல் மகன் திரும்பி வந்துவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் அவருக்கும் தோன்றியிருக்கும்.

"யாரும் வரல அத்த" என்றேன்.